மூக்கர் ஊசி போட்டுக்கொண்டார்

ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் காலையில் மூக்கர் கண்ணைத் திறந்ததும் முதல் காரியமாகத் தலையணையை முகர்ந்து பார்த்தார். அப்புறம் குளியலறைக்குப் போய்ச் சோப்பை முகர்ந்தார். பற்பசை, ஷாம்பு, வாளியில் ஊறிக்கொண்டிருந்த காலுறை என்று ஒன்றையும் விடவில்லை. காலுறை வரைக்கும் போன பிறகுதான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மூக்கு இருக்கிறது, இன்னும் போகவில்லை.

"என்னங்க பண்றீங்க அங்க? துவைக்கப் போட்டதை எல்லாம் எடுத்து மோந்துக்கிட்டு!" என்றாள் அவர் மனைவி. அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட வேண்டும். சட்டைப்பையில் பஸ் சாவியை வைத்துக்கொண்டே வீடு முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு இருக்கும். நாளைக்கு இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? போன வருஷமும் மறுநாள் நல்லாத்தான் இருந்தேன்."

"ஆரம்பிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டு அவள் சாவியைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவருடைய பயத்தைச் சும்மா சிரித்துத் தள்ளிவிட முடியாது. மனிதர் காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் ஒரு பட்டறையில் ருசி பார்ப்பவர். வரும் மூட்டைகளில் எது நல்லது, எது ஈரம் பட்டது, எதோடு எதைக் கலந்தால் விற்கும் என்று சொல்ல வேண்டியது அவர்தான். நாக்குக்கு என்ன பெரிதாகத் தெரியும், கசப்பும் புளிப்பும் தெரியும், மிச்சமெல்லாம் மூக்கு செய்கிற வேலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். அதனால்தான் மூக்கர் என்று பெயர் வைத்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான், அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். அந்த மூக்கு போனால் அவருக்கு அங்கே கூட்டிப் பெருக்குகிற வேலைகூடக் கிடைக்காது. குப்பை நாற்றம்கூடத் தெரியாதே!

போன வருடம் போய்த்தான் இருந்தது. ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு வந்தார், இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் அடித்துப் போட்டது. உடம்பெல்லாம் அடித்துத் துவைத்த மாதிரி வலி. காய்ச்சல் விட்ட பிறகும் மூக்கு திரும்பவில்லை. வாரக்கணக்கில் காப்பிக்கும் கொதிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் பூஞ்சை பிடித்த ஒரு மூட்டை யார் கண்ணிலும் மூக்கிலும் படாமல் உள்ளே போய், வறுபட்டு, அரைபட்டு, கடைகளுக்கும் போய்விட்டது. வாங்கினவர்கள் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போன பொட்டலங்களை அவரால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"ஊசிதான் காய்ச்சலைக் கொடுத்துச்சு. காய்ச்சலை உள்ள ஏத்திட்டு, வராதுன்னு சொல்றானுங்க" என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர் என்று நினைக்க வேண்டாம். பட்டறையில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள்.

அப்படிப்பட்டவர் இந்த வருடம் ஏன் கையை நீட்டினார் என்றால், மாமனாருக்காகத்தான். மனைவியின் அப்பா. காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். இப்போது நுரையீரல் கெட்டுப்போய், முன்னறையில் கட்டிலும், பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் இயந்திரமுமாக இருக்கிறார். மருமகனுக்கும் மாமனாருக்கும் தினம் சாயந்தரம் சீட்டாட்டம். போன வருடம் மூக்கர் காய்ச்சலோடு, "சாதாச் சளிதான் மாமா, சும்மா போடுங்க" என்று உட்கார்ந்து ஆடினார். அடுத்த வாரம் மாமனார் ஆஸ்பத்திரியில். பிழைத்து வந்ததே பெரிய விஷயம். அதற்காக மாமனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மூக்கருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்கு ஊசி போட்டாச்சு. ஆனா அவர் உடம்புக்கு அது மட்டும் பத்தாதாம், கூட இருக்கிறவங்களும் போட்டுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் போட்டுட்டேன். நீங்க?" என்று மனைவி கேட்டபோது, மூக்கருக்கு ஓடி ஒளிய இடமில்லாமல் போயிற்று.

நேற்றுதான் பட்டறைக்கே நர்ஸை வரவழைத்திருந்தார் முதலாளியம்மா. பாக்கிங் அறையை ஊசிக்கென்று காலி செய்து, அங்கே இருந்த, வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிக் காப்பிப் பைகளையெல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறைக்கு மாற்றி, தரையைக் கழுவித் துடைத்து, நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். மாற்றினவர் வறுவல்காரர். வறுக்கும் இயந்திரத்துக்கு அதிபதி, மூக்கரின் நெடுநாள் சிநேகிதர், நெடுநாள் இம்சையும் அவர்தான்.

"எனக்கெதுக்கு ஊசி? இத்தனை வருஷமா நெருப்புக்குப் பக்கத்துல நிக்கிறேன். கிருமி என் கிட்ட வந்தா அதுவே வறுபட்டுப் போயிடும்" என்றார் வறுவல்காரர்.

"அது உங்களை விட்டாலும் உங்க கூட இருக்கிறவங்களை விடாதே அண்ணா" என்றாள் நர்ஸ், சிரிக்காமல். வறுவல்காரர் வேலை இருக்கிற மாதிரி நழுவிவிட்டார்.

மூக்கர் நாற்காலியில் உட்கார்ந்து, தூக்குமேடை ஏறினவர் மாதிரி தன் போன வருடத்துக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். நர்ஸ் பஞ்சை நனைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப வீட்ல வேற யாருக்காவது சளி இருமல் இருந்துச்சா சார்?"

"என் வீட்டம்மாவுக்கு இருந்துச்சு. அவ பஸ்ல ஏறுற பிள்ளைங்க பூரா தும்மிக்கிட்டுத்தான் ஏறும்."

"ஊசி போடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றவர், அது எங்கே போய் முடிகிறது என்று தெரிந்ததும், "ஆனா அது வேற" என்று சேர்த்துக்கொண்டார்.

"வேற இல்ல சார். ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் போல ஆகும். அதுக்குள்ள வீட்ல இருந்த ஃப்ளூ உங்களைப் பிடிச்சிடுச்சு. இதுக்குள்ள இருக்கிறது செத்த கிருமி. செத்தது எந்திரிச்சு வந்து காய்ச்சல் கொடுக்காது. கை வலிக்கும், உடம்பு லேசா சுடும், ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். மூக்கைத் தின்னது ஃப்ளூ, ஊசி இல்ல."

"அப்ப இந்த வருஷம் எனக்கு ஃப்ளூவே வராதா?"

"வராதுன்னு எழுதிக் கொடுக்க முடியாது. வந்தாலும் போன வருஷம் மாதிரி அடிச்சுப் போடாது. சட்டையை மேல தூக்குங்க."

தூக்கினார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. ஆனால் கேட்டதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதுக்குப் போகும் வழியிலேயே கரைந்துவிட்டது. சாயந்தரம் வீட்டுக்கு வந்தவர் மாமனாரின் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஊசி போட்டிருக்கேன் மாமா, உங்களுக்கு ஒட்டிக்கப் போகுது" என்றார். சீட்டுக்கட்டு மாமனாரின் தலைமாட்டிலேயே கிடந்தது.

இவ்வளவும் நேற்றைய கதை. இன்றைக்குக் காலையில் மூக்கர் பட்டறைக்குள் நுழைந்தபோது இடது கை கொஞ்சம் கனத்தது, உடம்பு கதகதவென்று இருந்தது. நர்ஸ் சொன்னபடியே நடக்கிறது என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். மூக்கர் வேறு மாதிரி நினைத்தார். வாட்ச்மேனிடம் சொன்னார், கணக்குப் பிள்ளையிடம் சொன்னார், பாக்கிங் பெண்களிடம் சொன்னார். "ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் ரெண்டு நாள்ல என் மூக்கு இருக்காது, பாருங்க."

மத்தியானத்துக்குள் அது முதலாளியம்மாவின் காதுக்குப் போய்விட்டது. போகாமல் இருக்குமா? மறுநாள் காலையில் ஒரு பெரிய வாடிக்கையாளர் வருகிறார். ஊர் ஊராக ஓட்டல் வைத்திருப்பவர், எல்லா ஓட்டலுக்கும் ஒரே காப்பி தேடிக்கொண்டிருப்பவர். அவர் எதிரில் ருசி பார்த்து, இது இப்படி, அது அப்படி என்று மூக்கர்தான் விளக்க வேண்டும். போன வருடத்துப் பூஞ்சை மூட்டை மறுபடியும் முதலாளியம்மாவின் கண்முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். வறுவல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு என்னமோ பேசினார். மூக்கர் கண்ணாடி வழியே அதைப் பார்த்தார், ஆனால் காது அவருக்கு மூக்கு அளவுக்குப் போதாது.

சற்று நேரத்தில் வறுவல்காரர் வந்து, "யோவ், நாளைக்கு முன்னாடி ஒரு ஒத்திகை பாத்துடலாம்னு அம்மா சொல்றாங்க. ஆறு கிண்ணம் ஊத்தி வச்சிருக்கேன், வா" என்றார்.

அந்தப் பட்டறையில் ருசி பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. அரைத்த காப்பித்தூளைக் கிண்ணத்தில் போட்டுக் கொதிக்கும் நீரை ஊற்றுவார்கள். மேலே ஆடை மாதிரி நுரை கட்டும். ருசி பார்ப்பவர் கரண்டியால் அதை உடைத்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்வார். கொஞ்சம் ஆறினதும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டி, துப்பிவிடுவார். அப்புறம் கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, அந்தக் காப்பிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தட்டினால் சொல்லியே ஆக வேண்டும். முதலாளியம்மாவின் அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கம். எத்தனை கிண்ணமோ அத்தனை வார்த்தை.

மூக்கர் முதல் கிண்ணத்தை உடைத்தார், முகர்ந்தார், உறிஞ்சினார். "வேர்க்கடலை" என்று தட்டினார். முகத்தில் பழைய கம்பீரம். இரண்டாவதை உறிஞ்சினார், தட்டவில்லை. வேர்க்கடலை. மூன்றாவது? வேர்க்கடலை.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் உறிஞ்சினார். அதே மணம், அதே கசப்பு, அடித்தொண்டையில் அதே லேசான புளிப்பு. நான்காவதை முகர்ந்தார், ஐந்தாவதை முகர்ந்தார், ஆறாவதை முகர்ந்தார், அதே அதே அதே. போச்சு. ஒட்டுமொத்தமாகப் போகாமல் வித்தியாசம் தெரிகிற சக்தி மட்டும் போய்விட்டது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

முதலாளியம்மா எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன சொல்வது? ஆறும் ஒன்றுதான் என்று ருசி பார்ப்பவன் சொன்னால், அந்த நிமிடமே கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அத்தனை வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது.

மூக்கர் பொய் சொன்னார். இரண்டாவது கிண்ணத்தைத் தட்டி, "இது கொஞ்சம் எலுமிச்சை" என்றார். மூன்றாவதைத் தட்டி, "வெல்லம்" என்றார். ஒருமுறை வாய் திறந்துவிட்டால் பொய்க்கு என்ன பஞ்சம்? நான்காவதில் ஈரமண் வாசம் வந்தது, ஐந்தாவதில் பழுத்த பழம் வந்தது, ஆறாவதில் புகை வந்தது. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையை வேறு ஆட்டிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது வறுவல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியம்மா மேசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார், "மூக்கரே, உங்களுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு. இப்பவே வீட்டுக்குப் போங்க. நாளைக்கும் வர வேணாம். உங்களுக்கு முன்னாடி ருசி பாத்து ரிட்டயர் ஆன பெரியவரை நான் வரச் சொல்லிக்கிறேன்."

கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மூக்கருக்குப் புரிந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் புரியவில்லை. கரண்டியைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடவே இல்ல. மூக்கு அடைச்சிருக்கா? தொண்டை வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. ருசி மட்டும் போச்சு."

அவள் விடுவாளா? ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டாள். "என்ன இது?"

"சர்க்கரை."

உப்பைப் போட்டாள். "உப்பு" என்றார். அப்பாவின் மார்பில் தேய்க்கும் தைலத்தைத் திறந்து மூக்குக்கு நேராக நீட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "தைலம்" என்றார்.

"அப்புறம் என்னதான் போச்சு உங்களுக்கு?"

"சர்க்கரையையும் தைலத்தையும் கண்டுபிடிக்கிறதுக்கா எனக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க? அதெல்லாம் எறும்புக்கே தெரியும்டி. ஒரு காப்பிக்கும் இன்னொரு காப்பிக்கும் வித்தியாசம் தெரியல. அதான் போச்சு. உங்க அப்பாவுக்காகப் போட்டேன், போட்டது தப்பில்ல. ஆனா என் பொழப்பு போச்சு." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் அதற்கு மேல் கேலி பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி போட்ட கையை விட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு. "மாப்பிள்ளை, லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிடுவாங்க. போய்ப் பாத்தா பாதி நேரம் லிஃப்ட்ல கோளாறு இருக்காது. எவனாவது மேல் மாடியில கதவைச் சரியா மூடாம போயிருப்பான்."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க மாமா" என்றார் மூக்கர், வாசலில் நின்றபடியே, துண்டால் வாயைப் பொத்தியபடியே.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்குப் போனார். வர வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு எதற்குப் போனார் என்றால், கரண்டியைத் திருப்பிக் கொடுக்க. அது பட்டறையின் கரண்டி, முதலாளியம்மாவின் அப்பா அவர் கையில் கொடுத்தது. மானமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று தீர்மானித்து, தலை வாரி, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

உள்ளே ஒரே அமளி. வாடிக்கையாளர் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. பெரியவர் இன்னும் வந்து சேரவில்லை. வறுவல்காரர் மாதிரிப் பைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாக அரைத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். மூக்கர் வாசலைத் தாண்டி நாலெட்டு வைத்திருப்பார். நின்றார். மூக்கைத் தூக்கினார்.

"யோவ், நிறுத்து! எதைய்யா அரைக்கிற?"

"நீ எதுக்குய்யா வந்தே?" என்றார் வறுவல்காரர், சங்கடமாக.

"அதை அப்புறம் பேசலாம். பினாயில் நாத்தம் அடிக்குது. காப்பியிலதான் அடிக்குது, தரையில இல்ல."

வறுவல்காரர் தூளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். அவருடைய மூக்கு புகையிலேயே வெந்துபோனது. "எனக்கு ஒண்ணும் தெரியல."

"உனக்குத் தெரியாது. இந்தப் பை எங்க இருந்துச்சு?"

"மாடிப்படிக்கு அடியில. ஊசி போடுற அன்னைக்கு நான்தான் கொண்டுபோய் வச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பினாயில் டப்பாக்களும் அந்த அறையில்தான் இருக்கும். காப்பிக்கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த முதல் பாடம். ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஒரு டப்பா மூடி தளர்ந்து, சுவரோரமாகக் கசிந்திருந்தது. அந்தப் பையின் அடிப்பாகம் ஈரம்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். வறுவல்காரர் அவரையும் மூக்கரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தாங்க முடியாமல் கேட்டார். "உனக்குத்தான் நாக்கு மூக்கு எல்லாம் போயிடுச்சே, இதை எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"போயிடுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? போயிடும்னுதானே சொன்னேன், போயிடுச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே!"

"சொல்ல வேற வேணுமா? ஒரே காப்பியை ஆறு கிண்ணத்துல ஊத்தி வச்சேன். எலுமிச்சைங்கிற, வெல்லங்கிற, ஈரமண்ணுங்கிற! அம்மா பாவம், நீ போனதும் அழுதே விட்டாங்க."

மூக்கர் பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஒரே காப்பியா?"

"ஒரே காப்பி."

"ஆறும்?"

"ஆறும்தான்யா!"

"அட படுபாவி! எனக்கும் ஒரே மாதிரிதான்யா இருந்துச்சு!" என்று கத்தினார் மூக்கர். கத்தின கத்தலில் பாக்கிங் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஆறும் வேர்க்கடலைதான்யா! நாக்கு செத்துப் போச்சுன்னு நெனச்சு, பயந்துபோய், வாய்க்கு வந்ததை அடிச்சு விட்டேன். ராத்திரி பூரா தூக்கம் இல்லய்யா எனக்கு!"

வறுவல்காரர் ஒரு கணம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மூக்கருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனால் முதலாளியம்மா சிரிக்கவில்லை.

"இப்ப விஷயம் தெரிஞ்ச பிறகு யார் வேணும்னாலும் அப்படிச் சொல்லலாம் மூக்கரே. போன வருஷம் பட்டது போதும் எனக்கு. ரெண்டு பேரும் வெளியில நில்லுங்க. நானே ஊத்தி வைக்கிறேன்."

கதவு மூடியது. வெளியில் மூக்கர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி போட்ட இடம் காலையிலிருந்து வலிக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கதகதப்பும் இல்லை. நர்ஸ் சொன்ன கணக்குப்படிதான் வந்தது, சொன்னபடிதான் போனது. போன வருடம் இந்நேரம் மனைவி அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அந்த இருமலை ஒரு வருடமாக அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கதவு திறந்தது. மேசையில் நான்கு கிண்ணங்கள்.

மூக்கர் முதலாவதை உடைத்து முகர்ந்து உறிஞ்சினார். "வேர்க்கடலை" என்று தட்டினார். "நம்ம கடைக் காப்பிம்மா. நேத்து வச்சதும் இதேதான்."

இரண்டாவதை உறிஞ்சினார். நாக்கில் உருட்டினார். மனசு ஒரு வித்தியாசத்தைத் தேடி ஓடப் பார்த்தது. ஓடவிடாமல் பிடித்துக்கொண்டார். தட்டினார். "அதேதான்."

அந்த ஒரு வார்த்தை வெளியே வர அவருக்கு என்ன பாடு! மூன்றாவதையும் உறிஞ்சிவிட்டு, முதலாளியம்மாவின் முகத்தைப் பார்க்காமல் கிண்ணத்தையே பார்த்தார். வேறு ஒன்றாக இருந்தால் கதை முடிந்தது. ஆனால் நாக்கு வேறு ஒன்றும் சொல்லவில்லை. "இதுவும் அதேதான்மா" என்று தட்டினார்.

நான்காவதை அவர் உறிஞ்சவே இல்லை. உடைத்ததுமே கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "இந்தப் பினாயிலைக் குடிக்க வைக்கப் பாக்குறீங்களா?"

முதலாளியம்மா நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் மேசையிலிருந்த காப்பித்தூள் பறந்தது. "அப்பாடா!" என்றார். "ஏன் நேத்தே இப்படிச் சொல்லல நீங்க? ஆறும் ஒண்ணுதான்னு சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே!"

"மூக்கு போச்சுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேம்மா. அதுக்கப்புறம் மூக்கு சொன்னதை நான் எங்க கேட்டேன்?"

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கிடங்கில் அந்தப் பையின் கொட்டை வந்த அதே மூட்டையிலிருந்து புதிதாகக் கொட்டை எடுத்து, வறுவல்காரர் அவசர அவசரமாகச் சின்ன இயந்திரத்தில் வறுத்தார். வாடிக்கையாளர் வந்தபோது கிண்ணங்கள் தயாராக இருந்தன, மூக்கர் கரண்டியோடு நின்றார். சர்ரென்று அவர் உறிஞ்சின சத்தத்தில் வாடிக்கையாளரே ஒருமுறை திடுக்கிட்டுப் போனார். கடைசியில் அந்த மூட்டைக் காப்பிதான் அவருக்குப் பிடித்தது, பினாயிலோடு அவர் வாய்க்குப் போகவிருந்த அதே காப்பி. பெரியவர் எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்து, ஆறிப்போன காப்பியை நொட்டை சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது வறுவல்காரர் வாசல் வரை கூட வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்த நர்ஸ் பொண்ணு எந்த ஆஸ்பத்திரிய்யா?"

"எதுக்கு? கிருமி வறுபட்டுப் போயிடும்னியே!"

"என் பேத்திக்கு இன்னும் ஒரு வயசு ஆகல. தூக்கி வச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். மூக்கர் கேலியை நிறுத்திவிட்டு இடத்தைச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், அதை மட்டும் மறக்கவில்லை. முன்னறை வாசலில் ஒரு நொடி நின்றார். ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. மாமனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூக்கர் உள்ளே போய், கட்டிலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைமாட்டிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துக் கலைத்தார்.

அந்தச் சத்தத்துக்கு மாமனார் கண்ணைத் திறந்தார். "என்ன மாப்பிள்ளை, ஒட்டிக்காதா இப்ப?"

"ஒட்டாது மாமா. செத்த கிருமிதான் உள்ள இருக்கு. எனக்குத்தான் புத்தி செத்துக் கிடந்துச்சு."

"மேல் மாடிக் கதவா?"

"மேல் மாடிக் கதவேதான்" என்றார் மூக்கர், சீட்டைக் கலைத்துக்கொண்டே. போன வருடத்திலிருந்து சொல்ல நினைத்ததை அப்போது சொன்னார். "அன்னைக்குக் காய்ச்சலோட வந்து உட்கார்ந்தேன் மாமா. உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது நான்தான்."

மாமனார் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "தெரியும். அதுக்காக இப்படி வாசல்லயே நின்னு, சீட்டாடாம என்னைக் கொல்லப் பாத்தியே, அதுதான் மன்னிக்க முடியாத குத்தம். சீட்டைப் போடு" என்றார்.

மூக்கர் சீட்டைப் போட்டார். முதல் ஆட்டத்திலேயே மாமனார் கள்ளத்தனம் பண்ணினார். மூக்கர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.